எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ்: நடிப்பு வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் யார்?

மெக்சிகோ வழிவந்த அமெரிக்க நடிகர். இயக்குநராகவும் தயாரிப்பாளராகவும் பணியாற்றியவர். 1947 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, மெக்சிகோ வழியினர் திரளாக வாழும் அந்நகரின் கிழக்குப் பகுதியில் வளர்ந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால், சிறு வயதின் பெரும்பகுதி கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டியின் பராமரிப்பில் கழிந்தது. பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள்கூட அம்மைத் தழும்பு போன்ற வடுக்கள் நிறைந்த அந்த முகத்தையும், உரக்கப் பேச வேண்டிய இடத்தில் தாழ்ந்து ஒலிக்கும் அந்தக் குரலையும் எங்காவது கண்டும் கேட்டும் இருப்பார்கள்: ‘பிளேட் ரன்னர்’ படத்தில் காகிதத்தை மடித்து உருவங்கள் செய்யும் காவலர், ‘மயாமி வைஸ்’ தொடரின் லெப்டினன்ட், ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ படத்தின் கணித ஆசிரியர், ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ விண்கலத்தின் தளபதி. நான்கும் அவரே.

‘லத்தீனோ’, ‘சிகானோ’ என்று இரண்டு சொற்களும் அவரைப் பற்றிய எழுத்துகளில் வருகின்றனவே, இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிறந்தவர்களையும் அந்நாடுகளின் வழிவந்தவர்களையும் பொதுவாகக் குறிப்பது ‘லத்தீனோ’. மெக்சிகோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா, பொலிவியா என எந்த வேரும் அதில் அடங்கும். ‘சிகானோ’ அதைவிடக் குறுகியது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினரை மட்டும் குறிப்பது. ஒருகாலத்தில் ஏளனமாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை, 1960களில் உரிமைப் போராட்டங்களில் இறங்கிய இளைஞர்கள் தங்கள் அடையாளமாகத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஓல்மோஸ் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். பின்னாளில் அவர் எந்த வேடத்தை நாடினார், எதை விலக்கினார் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி பெரிதும் உதவும்.

நடிப்புக்கு அவர் எப்படி வந்தார்?

நேர்வழியில் வரவில்லை. சிறுவனாக இருந்தபோது பேஸ்பால் ஆட்டக்காரராக வேண்டும் என்பதே கனவு. பதின்ம வயதில் அது ராக் இசைமீது திரும்பியது. ‘பசிபிக் ஓஷன்’ என்ற குழுவை அமைத்து, லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சாலையிலிருந்த இரவு விடுதிகளில் பாடினார். பகலில் கல்லூரி, இரவில் மேடை. பாடகருக்கு உதவும் என்று கற்கத் தொடங்கிய நடிப்பு நாளடைவில் பாட்டையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. 1970களில் பழங்கால மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி வீடுவீடாகக் கொண்டுசேர்க்கும் தொழிலில் குடும்பத்தை நடத்திக்கொண்டு, சிறு நாடக அரங்குகளிலும், தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு காட்சி, இரு காட்சி வேடங்களிலும் நடித்துவந்தார். முப்பது வயதைத் தாண்டும்வரை அவரை யாருக்கும் தெரியாது.

திருப்புமுனை எது?

‘ஸூட் சூட்’ என்ற நாடகம். லூயிஸ் வால்டெஸ் எழுதி இயக்கிய அந்நாடகம் 1978இல் லாஸ் ஏஞ்சலஸின் மார்க் டேப்பர் அரங்கில் மேடையேறியது. அதன் அடிப்படை உண்மை நிகழ்வு. 1942இல் அந்நகரில் நடந்த ஒரு கொலையை ஒட்டி, பெரும்பாலும் மெக்சிகோ வழி இளைஞர்களான 22 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டு, 17 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 1944இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது. இடையில், 1943 ஜூன் மாதத்தில், கடற்படை வீரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, நீண்ட கோட்டும் கணுக்காலில் இறுகிய தொளதொளக் காற்சட்டையும் அணிந்த இளைஞர்களைத் தேடித்தேடி அடித்து, அந்த உடையையே உரித்தெறிந்தார்கள். அந்த உடையின் பெயர்தான் ‘ஸூட் சூட்’. அதை அணிந்தவர்கள் ‘பச்சூக்கோ’ என அழைக்கப்பட்டார்கள்.

ஓல்மோஸின் வேடம் ‘எல் பச்சூக்கோ’. கதைக்குள் நடமாடும் மனிதனாக மட்டும் அவன் வருவதில்லை. நம் கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போலக் கதையைத் தொடங்கிவைப்பான், இடைமறிப்பான், நாயகனின் மனச்சாட்சியாக நின்று அவனைச் சீண்டுவான். பார்வையாளர்களை நேரே பார்த்துப் பேசுவான். முதுகைப் பின்னால் வளைத்து, தொப்பி விளிம்பில் விரலை ஓட்டி, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிறுத்தி ஓல்மோஸ் அமைத்துக்கொண்ட அந்த நிற்கும் முறை, பின்னாளில் ஓவியங்களிலும் சுவர்ச் சித்திரங்களிலும் இடம்பெற்றது. லாஸ் ஏஞ்சலஸில் அரங்கு நிறைந்து பல மாதங்கள் ஓடிய நாடகம் 1979இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேக்குச் சென்றது. சிகானோ ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேயில் ஏறியது அதுவே முதல்முறை. அங்கே ஒருசில வாரங்களே நடந்தாலும், ஓல்மோஸுக்கு நாடகத் துறைக்கான டோனி விருதுப் பரிந்துரை கிடைத்தது. 1981இல் வால்டெஸே அதைத் திரைப்படமாக்கினார். அதே வேடத்தில் ஓல்மோஸ் நடித்தார்.

‘பிளேட் ரன்னர்’ படத்தில் அவர் பேசுவது எந்த மொழி?

எந்த நாட்டிலும் பேசப்படாத மொழி. ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வெளியான அப்படத்தில் ஓல்மோஸ் ஏற்ற காஃப் என்ற காவலருக்கு மிகச் சில காட்சிகளே உண்டு. வருங்கால லாஸ் ஏஞ்சலஸில் பல நாட்டு மக்கள் கலந்து வாழ்வதால் தெருவில் ஒரு கலவை மொழி உருவாகியிருக்கும் என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஹங்கேரிய, ஜப்பானிய, ஜெர்மன் முதலிய மொழிகளின் சொற்களைத் தேடிக் கோத்து, தன் வசனங்களைத் தானே உருவாக்கினார். பல இனங்கள் கலந்த மனிதன் என்று காட்டுவதற்காகக் கண்ணுக்கு நீல வில்லை அணிந்துகொண்டார். ஐந்து நிமிட வேடத்துக்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்று கேட்கலாம். அந்த ஐந்து நிமிடம்தான் இன்றுவரை பேசப்படுகிறது. 2017இல் வந்த அடுத்த பாகத்திலும், முதிர்ந்த காஃபாக, கையில் காகிதத்துடன் அவர் ஒரு காட்சியில் தோன்றினார்.

‘தி பாலட் ஆஃப் கிரெகோரியோ கோர்டெஸ்’ படத்தை அவரது சிறந்த படைப்பாகச் சிலர் குறிப்பிடுவது ஏன்?

நானும் அப்படிக் குறிப்பிடுபவர்களில் ஒருவன் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1901 ஜூன் மாதம், டெக்சாஸ் மாநிலத்தின் கார்ன்ஸ் மாவட்டம். குதிரைத் திருட்டு ஒன்றை விசாரிக்க வந்த ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்), உழவரான கிரெகோரியோ கோர்டெஸிடம், அண்மையில் குதிரையைக் கைமாற்றினாயா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கிறார். ஸ்பானிய மொழியில் ஆண் குதிரைக்கு ‘கபாயோ’, பெண் குதிரைக்கு ‘யேகுவா’ என்று வெவ்வேறு சொற்கள். கேள்வி ‘கபாயோ’ என்று வருகிறது. கோர்டெஸ் மாற்றியதோ ஒரு ‘யேகுவா’. ஆகவே இல்லை என்கிறார். அரைகுறையாக ஸ்பானியம் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வேறுபாடு எட்டவில்லை. இவன் பொய் சொல்கிறான் என்று ஷெரிஃபுக்குத் தோன்றுகிறது. தமிழில் இரண்டுமே குதிரைதான் என்பதால் நமக்கு இந்தச் சிக்கல் எழுந்திருக்காது. அந்த முற்றத்தில் அது உயிரைப் பறித்தது. பேச்சு முற்றித் துப்பாக்கி வெடித்ததில் கோர்டெஸின் அண்ணன் அடிபட்டு வீழ்ந்தார்; கோர்டெஸ் சுட்டதில் ஷெரிஃப் இறந்தார். அதன்பின் நூற்றுக்கணக்கானோர் துரத்த, பத்து நாட்கள் கால்நடையாகவும் குதிரைமீதும் மெக்சிகோ எல்லையை நோக்கி ஓடிய அந்த மனிதரைப் பற்றி எல்லைப்புற மக்கள் ‘கொரீடோ’ எனப்படும் கதைப்பாடல் கட்டிப் பாடினார்கள். பல வழக்குகளுக்கும் நெடுங்காலச் சிறைக்கும் பிறகு, 1913இல் ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். நாட்டாரியல் அறிஞர் அமெரிக்கோ பரேதெஸ் 1958இல் இப்பாடலையும் அதன் பின்னணியையும் ஆராய்ந்து வெளியிட்ட நூலே படத்துக்கு ஆதாரம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காக ராபர்ட் எம். யங் இயக்கிய படம் இது.

இந்தப் படத்தில் எடுக்கப்பட்ட துணிச்சலான முடிவு, ஸ்பானிய உரையாடலுக்குத் துணைத்தலைப்பு வேண்டாம் என்பது. ஓல்மோஸ் படம் முழுவதும் ஸ்பானியமே பேசுகிறார். அதிலும் குறைவாகவே பேசுகிறார். ஆங்கிலம் மட்டும் அறிந்த பார்வையாளர், துரத்துபவர்கள் எவ்வளவு அறிவார்களோ அவ்வளவே அறிவார். ஓடுபவனின் மனத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. இறுதியில் சிறைக்குள் ஸ்பானியம் நன்கறிந்த ஒரு பெண் வந்து அமர்ந்து, கோர்டெஸ் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான், இத்தனை உயிரும் ஒரு பெண் குதிரையால் போயின என்ற உண்மை அனைவருக்கும் விளங்குகிறது. அந்தக் காட்சியில் ஓல்மோஸின் முகத்தைக் கவனியுங்கள். தான் பேசியதை இன்னொருவர் ஒருவழியாகப் புரிந்துகொண்டார் என்ற வியப்பு முதலில் வருகிறது. பிறகு, இது அன்றே நடந்திருக்கலாமே என்ற துயரம். முதுகையும் தோளையும் மட்டுமே கொண்டு ஒன்றரை மணி நேரம் நடித்துவந்தவர், அங்கே முதல்முறையாக முகத்தைத் திறக்கிறார்.

‘மயாமி வைஸ்’ ஒப்பந்தத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அவருடைய பிற்காலப் படங்கள் அனைத்துக்கும் வழிவிட்டது அந்த ஒப்பந்தம் என்பதால். என்.பி.சி. தொலைக்காட்சியில் 1984 முதல் 1989 வரை ஒளிபரப்பான அத்தொடரில், தொடங்கிய சில வாரங்களிலேயே காவல் பிரிவின் தலைவர் பாத்திரம் கொல்லப்பட, அந்த இடத்துக்கு ஓல்மோஸ் அழைக்கப்பட்டார். அழைப்பை அவர் பலமுறை மறுத்தார். அக்காலத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களில், தொடர் நடக்கும் ஆண்டுகளில் நடிகர் வேறு வேலையை ஏற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வழக்கமாக இருந்தது; அதை ஏற்க முடியாது என்றார். தன் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் கேட்டார். அன்று அவர் பணவசதி உள்ளவரல்லர். ஒவ்வொரு முறையும் தொகை உயர்ந்தது. அவர் கேட்டது தொகையை அல்ல என்பது கடைசியில் தயாரிப்பாளர்களுக்கு விளங்கி, இரண்டு நிபந்தனைகளும் ஏற்கப்பட்டன.

அப்படிப் பெற்ற உரிமையில் உருவானவர் லெப்டினன்ட் மார்ட்டின் காஸ்டியோ. நாயகர்கள் இருவரும் வெளிர் நிறக் கோட்டும் வேகக் காரும் உரத்த இசையுமாக வலம்வர, இவர் கறுப்புக் கோட்டும் மெல்லிய கழுத்துப்பட்டையும் அணிந்து, வெறுமையான மேசைக்குப் பின்னே அசையாமல் நிற்பார். பெரும்பாலும் எதிரே இருப்பவரை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். குரலை உயர்த்தியதாக ஒருசில தருணங்களே உண்டு. அந்தத் தருணங்களில் அறையே உறைந்துவிடும். வாரம் ஒரு முறை அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள், லத்தீனோ ஒருவர் மற்றவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரியாக, சினமோ சிரிப்போ காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாதவராக வந்து நின்றதன் மதிப்பை, திருடன், தோட்டக்காரன், போதைப்பொருள் வியாபாரி என்ற மூன்று வேடங்களுக்குள் அம்மக்கள் அடைபட்டிருந்த காலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உணர முடியும். இந்த வேடத்துக்காக 1985இல் சிறந்த துணை நடிகருக்கான, தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதும், அடுத்த ஆண்டு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தன. தொடரில் ஓர் அத்தியாயத்தை அவரே இயக்கவும் செய்தார்.

‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ உண்மைக் கதையா?

உண்மைக் கதை, ஆனால் காலம் சுருக்கப்பட்டிருக்கிறது. பொலிவியாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே, 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1982இல் அவரிடம் பயின்ற 18 மாணவர்கள், கல்லூரித் தரத்திலான நுண்கணிதத் தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். ஏழைக் குடும்பத்து மெக்சிகோ வழிப் பிள்ளைகள் இப்படித் தேர்ச்சி பெற்றதும் தேர்வு அமைப்பு 14 பேரின் விடைத்தாள்களில் ஒற்றுமை இருப்பதாகச் சந்தேகம் எழுப்பியது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள்.

படம் பார்ப்பவர்களுக்கு, கூட்டல் கழித்தலில் தடுமாறிய பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் நுண்கணிதத்துக்குத் தாவிவிட்டதுபோலத் தோன்றும். நடைமுறையில் எஸ்கலாந்தேவுக்கு அந்த வகுப்பை உருவாக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. இயற்கணிதம் முதல் படிப்படியாகப் பாடத்திட்டத்தை வலுப்படுத்தி, கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்தி, அவருக்குத் துணைநின்ற பிற ஆசிரியர்களின் உழைப்பும் சேர்ந்து கிடைத்த பலன் அது. ஆசிரியர் ஒருவர் உணர்ச்சியோடு பேசினாலே போதும் என்று இப்படத்திலிருந்து யாராவது எடுத்துக்கொண்டால், அது எஸ்கலாந்தேவின் உழைப்புக்குச் செய்யும் அநீதி.

ராமோன் மெனெந்தெஸ் இயக்கிய இப்படத்துக்காக ஓல்மோஸ் ஏறத்தாழ 18 கிலோ எடை கூட்டினார். முன்தலை மயிரை மெலிதாக்கி, பக்கத்து மயிரை வழுக்கைமேல் வாரிவிட்டார். எஸ்கலாந்தேவின் கூடவே இருந்து அவரது நடையையும் பேச்சையும் பதியவைத்துக்கொண்டார். ‘மயாமி வைஸ்’ தொடர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இப்படம் எடுக்கப்பட்டது. வேறு வேலை ஏற்கக்கூடாது என்ற வரிக்குக் கையெழுத்திட்டிருந்தால் இது அவருக்கு வாய்த்திருக்காது.

படத்தில் என்னை விடாமல் தொடரும் இடம் ஒன்று உண்டு. தேர்வு அமைப்பிலிருந்து விசாரிக்க வரும் இருவரில் ஒருவர் லத்தீனோ. அந்த வேடத்தில் ஆண்டி கார்சியா நடித்திருக்கிறார். எஸ்கலாந்தே அவரிடம் பேசும்போது, என் பிள்ளைகளின் பெயரும் அவர்கள் படித்த பள்ளியும் வேறாக இருந்திருந்தால் இந்த ஐயம் வந்திருக்குமா என்ற பொருள்படக் கேட்கிறார். சினம் மேலே வர, அதை விழுங்கிக்கொண்டு, நடைக்கூடத்தில் நிற்கும் ஓல்மோஸின் அந்த நடிப்பை நாடறிந்த எந்த நடிகருடனும் ஒப்பிடலாம்.

அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

இல்லை. சிறந்த நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது. 1989இல் நடந்த விழாவில் விருது டஸ்டின் ஹாஃப்மனுக்குச் சென்றது. ஓல்மோஸுக்கு முன் பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹோசே ஃபெரர் அந்த விருதை வென்றிருக்கிறார். மெக்சிகோவில் பிறந்த ஆன்டனி குவின் பரிந்துரை பெற்றிருக்கிறார். ஆனால் அந்த இருவரையும் ஹாலிவுட் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரராக, கிரேக்கராக, அரேபியராக நடிக்கவைத்தது. ஃபெரர் வென்றது பிரெஞ்சுக் கவிஞர் வேடத்துக்கு. குவின் பரிந்துரை பெற்ற படங்களில் ஒன்று கிரேக்கர் வேடத்துக்கு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கதையில், லத்தீனோவாகவே நடித்து அந்த மேடைவரை சென்றார் என்பதுதான் வேறுபாடு. 1988 ஜூலையில் ‘டைம்’ இதழ் லத்தீனோ பண்பாட்டைப் பற்றிய சிறப்பிதழின் அட்டையில் ஓல்மோஸின் ஓவியத்தை வெளியிட்டது.

‘அமெரிக்கன் மீ’ ஏன் சர்ச்சைக்குள்ளானது?

1992இல் வெளியான இப்படம், திரையரங்குக்காக அவர் இயக்கிய முதல் படம். முதன்மை வேடமும் அவருடையது. கலிஃபோர்னியாச் சிறைகளில் உருவாகித் தெருக்களையும் ஆளத் தொடங்கிய ‘மெக்சிகன் மாஃபியா’ என்ற கும்பலின் கதையை அது தழுவியிருந்தது. ஃபோல்சம் சிறைக்குள்ளேயே படப்பிடிப்பு நடந்தது, கைதிகளும் நடித்தார்கள். கும்பல் வாழ்க்கையைக் கண்டு மயங்கும் சிறுவர்களுக்கு அதன் முடிவை அச்சமூட்டும்படி காட்ட வேண்டும் என்பது ஓல்மோஸின் நோக்கம். ஆகவே படத்தில் வீரமும் கவர்ச்சியும் அறவே கிடையாது. பார்ப்பதற்குக் கடினமான படம்.

உண்மையான கும்பல் அந்தச் சித்திரிப்பை இழிவாக எடுத்துக்கொண்டது. படத்துக்கு ஆலோசனை வழங்கியிருந்த ஒரு பெண் அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓல்மோஸுக்கே மிரட்டல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. மறுபுறம், லத்தீனோக்கள் என்றாலே கும்பல், கொலை என்ற எண்ணத்துக்கு இந்தப் படமும் வலுச்சேர்க்கிறதே என்று அவர் சமூகத்திலிருந்தே குறை எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தக் கதையை வெளியார் எடுத்தால் பரபரப்பாகவும், உள்ளிருந்து ஒருவர் எடுத்தால் துயரமாகவும் அமையும் என்பதையும் மறுக்க முடியாது. இயக்குநராக அவருக்கு நடுத்தரத் திறமை. காட்சிகள் சில இடங்களில் பாடம் நடத்துகின்றன. நேர்மையில் மட்டும் குறை சொல்ல இடமில்லை.

1990களில் அவர் தொடர்ந்து தந்தை வேடங்களையே ஏற்றாரா?

ஏறக்குறைய அப்படித்தான். 1997இல் வந்த ‘செலினா’ படத்தில், 1995இல் கொல்லப்பட்ட பாடகி செலினாவின் தந்தை ஏப்ரஹாமாக, ஜெனிஃபர் லோபஸுடன் நடித்தார். மெக்சிகோக்காரர்களுக்கு மெக்சிகோக்காரராகவும் அமெரிக்கர்களுக்கு அமெரிக்கராகவும் இரண்டு பங்கு நிரூபித்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கிறது என்று வண்டி ஓட்டியபடி அவர் பிள்ளைகளிடம் புலம்பும் காட்சி, லத்தீனோ இல்லங்களில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அப்படத்தின் இயக்குநர் கிரெகோரி நாவாவின் ‘மி ஃபாமிலியா’வில் குடும்பக் கதையைச் சொல்லும் மூத்த மகனாகவும், 2002இல் தொடங்கிய ‘அமெரிக்கன் ஃபேமிலி’ தொடரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த தந்தையாகவும் நடித்தார். அத்தொடரைத் தனியார் தொலைக்காட்சி ஒன்று கைவிட்டபின் பொதுத் தொலைக்காட்சி எடுத்து நடத்தியது.

விதிவிலக்கும் உண்டு. பிரேசில் ரப்பர் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டெஸ் பற்றி 1994இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சி எடுத்த ‘தி பர்னிங் சீசன்’ படத்தில், மெண்டெஸாக நடித்த ரவுல் ஹூலியாவுக்கு வழிகாட்டும் தொழிற்சங்கத் தலைவராக நடித்து இரண்டாவது கோல்டன் குளோப் பெற்றார்.

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ போன்ற அறிவியல் புனைவுத் தொடருக்கு அவர் ஏன் சென்றார்?

விண்வெளி என்றதும் விநோத உருவங்களை எதிர்பார்த்துத் தயங்கியிருக்கிறார். அயல்கோள் விலங்குகள் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார். தயாரிப்பாளர் ரொனால்ட் டி. மூர் எழுத நினைத்ததும் அதுவல்ல. 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்த அந்தக் கதையில், மனித குலத்தில் எஞ்சிய ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பயணிக்கும் கலங்களைக் காத்துச் செல்லும் பழைய போர்க்கலத்தின் தளபதி வில்லியம் அடாமா. போர்க்காலச் சிவில் உரிமைகள், கைதிகளைச் சித்திரவதை செய்வது, இராணுவத்துக்கும் மக்களாட்சிக்கும் உள்ள இழுபறி என்று, ஈராக் போரின் ஆண்டுகளில் அமெரிக்கா நேராகப் பேசத் தயங்கியவற்றை அத்தொடர் பேசியது. ஓல்மோஸ் பல அத்தியாயங்களை இயக்கினார்.

காஸ்டியோவின் அமைதி இங்கே முதுமையும் களைப்பும் சேர்ந்து வேறொன்றாகியிருக்கிறது. மகளைப் போல நேசித்த விமானியை இழந்த செய்தி கேட்டபின், தன் அறையில் மெல்லக் கட்டிக்கொண்டிருந்த கப்பல் மாதிரியை அடாமா அடித்து நொறுக்கும் காட்சி இருக்கிறது. நொறுக்குவது திரைக்கதையில் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது.

தொடர் முடிவடைந்த வாரத்தில், 2009 மார்ச் 17 அன்று, ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் மனித உரிமை குறித்த கலந்துரையாடலுக்குத் தொடரின் குழுவினர் அழைக்கப்பட்டார்கள். அங்கே ஓல்மோஸ், மனிதர்களைப் பிரிக்க ‘இனம்’ என்ற சொல்லை இனியும் பயன்படுத்தாதீர்கள், இருப்பது மனித இனம் ஒன்றே என்று மாணவர்களை நோக்கி உரத்த குரலில் பேசினார். பேச்சு உணர்ச்சியின் உச்சத்துக்குப் போய், அரங்கே எழுந்து அவரோடு குரல் கொடுத்தது.

திரைக்கு வெளியே அவர் சிறை சென்றாராமே?

ஆம். பியூர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்துவதை எதிர்த்து, 2001இல் அத்தளத்துக்குள் நுழைந்த குற்றத்துக்காக 20 நாட்கள் சிறையிலிருந்தார். அதற்கு முன், 1992இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கூட்டத் தொடங்கினார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1997இல் லாஸ் ஏஞ்சலஸ் லத்தீனோ சர்வதேசத் திரைப்பட விழாவைப் பிறருடன் இணைந்து தொடங்கினார். பள்ளிச் சிறுவர்களுக்குத் திரைப்படக் கலை கற்பிக்கும் திட்டமும் அவரது முயற்சியில் நடக்கிறது.

2006இல் எச்.பி.ஓ.வுக்காக அவர் இயக்கிய ‘வாக்அவுட்’ படத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வழி மாணவர்கள், தரமான கல்வி கேட்டு ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளைவிட்டு வெளியேறிய போராட்டத்தின் கதை. அப்பள்ளிகளில் ஒன்று கார்ஃபீல்டு. ஆறு ஆண்டுகள் கழித்து எஸ்கலாந்தே சுண்ணக்கட்டியோடு நுழைந்த அதே பள்ளி.

அவரது படங்களுக்கு அரசு அங்கீகாரம் கிடைத்ததா?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பண்பாட்டு மதிப்புக் கருதி என்றும் காக்கப்பட வேண்டிய படங்களைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஆண்டுதோறும் சேர்க்கிறது. அதில் ‘பிளேட் ரன்னர்’ 1993இலும், ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ 2011இலும், ‘ஸூட் சூட்’ 2019இலும், ‘செலினா’ 2021இலும், ‘கிரெகோரியோ கோர்டெஸ்’ 2022இலும், ‘அமெரிக்கன் மீ’, ‘மி ஃபாமிலியா’ ஆகிய இரண்டும் 2024இலும் இடம்பெற்றன. அவர் சிறு வேடத்தில் தோன்றிய ‘அலம்ப்ரிஸ்டா’ படமும் 2023இல் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் பெருநிறுவனத்தின் பெருஞ்செலவுப் படம் என்று சொல்லத்தக்கது ‘பிளேட் ரன்னர்’ ஒன்றுதான். வெளியான நாளில் கூட்டம் வராத படங்களும் இதில் உண்டு.

இப்போதும் நடிக்கிறாரா?

நடிக்கிறார். 2018 முதல் 2023 வரை ஐந்து பருவங்கள் ஓடிய ‘மாயன்ஸ் எம்.சி.’ தொடரில் இறைச்சிக் கடை நடத்தும் தந்தை ஃபெலிப்பே ரேயெஸாக நடித்தார். இடையே, 2022இல் தொண்டைப் புற்றுநோய் கண்டு கதிர்வீச்சும் மருந்துமாகச் சிகிச்சை பெற்று மீண்டார். குரலே முதலாக வாழ்ந்த நடிகருக்குத் தொண்டையில் வந்த அந்த நோயைப் பற்றி 2023இல் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

முதன்முதலாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ எளிதாக உள்ளே அழைத்துச் செல்லும். ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் நெருங்கும். தொடர் பார்க்கப் பொழுதுள்ளவர்கள் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் 2003 குறுந்தொடரிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்; நடுவில் நுழைந்தால் விளங்காது. ‘அமெரிக்கன் மீ’யைச் சிறுவர்களுடன் அமர்ந்து பார்க்க வேண்டாம். ‘கிரெகோரியோ கோர்டெஸ்’ படத்தைப் பார்க்கும்போது ஆங்கில வசனத்துக்குத் துணைத்தலைப்பு வைத்துக்கொள்ளலாம். ஸ்பானிய வசனத்துக்கு எங்கேனும் துணைத்தலைப்பு கிடைத்தாலும் அணைத்துவிடுங்கள். சிறைக் காட்சியில் அந்தப் பெண் வாய் திறக்கும்வரை, கோர்டெஸ் சொல்வது உங்களுக்கும் புரியாமலே இருக்கட்டும்.